ஐந்தாவது கருவி

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் வைஃபை ஆமை வேகத்துக்கு இறங்கியதும், எவனோ திருடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் புத்தி அப்படித்தான் போகும். பழைய ரவுட்டர். அதன் அமைப்புகளைக் கணினியில் திறந்தால், இணைந்திருந்தவை ஐந்து கருவிகள். எங்களுடையவை நான்குதான். ஐந்தாவதற்குப் பெயரில்லை, வெறும் எண்ணும் எழுத்தும்.

எதிர்க்கடைத் தையல்காரர் ஓயாமல் பாட்டு ஓடவிடுகிறாரே, அவராக இருக்கலாம். எங்கள் கேட்டருகே பைக்கில் உட்கார்ந்து ஃபோன் பார்க்கிறவனாகவும் இருக்கலாம்.

“ஒங்களுக்கு யாரப் பாத்தாலும் சந்தேகந்தான்,” என்றாள் மனைவி.

வைஃபையின் பாதுகாப்பு முறை, ரவுட்டர் வாங்கிய நாளில் இருந்த அதே பழைய வகை. விவரம் தெரிந்தவன் சில நிமிடங்களில் உடைத்துவிடுவானாம். புதிய முறைக்கு மாற்றினேன். கடவுச்சொல்லையும் மாற்றி மனைவிக்கு மட்டும் சொன்னேன். ஐந்தாவது கருவி காணாமல் போனது. வேகம் என்னவோ அப்படியேதான் இருந்தது. தெருவில் யார் முகம் வாடுகிறது என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். தையல்காரர் இரண்டு நாள் கடுகடுவென்றிருந்தார். ஆள் மாட்டினான் என்று நினைத்தேன். பல்வலியாம்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் மாடியில் தனியாகக் குடியிருக்கும் வயதான அம்மா ஒருவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். அவர் மகள் பிரான்ஸில். ஞாயிறுதோறும் டேப்லட்டில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்; அவரிடம் வேறு ஃபோன் கிடையாது.

“மூணு ஞாயித்துக்கெழமையா கூப்புடல தம்பி. அங்கயே வந்து இருந்துடுன்னா, மாட்டேன்னுட்டேன். அந்தக் கோவமா இருக்கும். சரி, அவளே பேசட்டும்னு நானும் இருந்துட்டேன்.”

மேலே போய் டேப்லட்டைப் பார்த்தேன். இணைப்பு இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவருடைய கணவர் இறந்த அன்று மகளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அப்பா முகத்தையாவது காட்டுவோம் என்று எங்கள் கடவுச்சொல்லை அதில் போட்டுக் கொடுத்தவனே நான்தான். வெட்கத்தில் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புதிய கடவுச்சொல்லைப் போட்டேன். தவறிய அழைப்புகள் மளமளவென்று வந்து விழுந்தன. கடைசியாக ஒரு செய்தி: ‘கோவமாம்மா? இனிமே இங்க வான்னு கூப்புடவே மாட்டேன். ஃபோன எடும்மா.’

அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதைப் படித்தார்.

“வயரு எதனா கழண்டிருக்கும், இல்ல தம்பி?”

“ஆமாம்மா,” என்றேன். “வயருதான்.”