நிலாவை விட்டு நகராத அப்பா

குமரி தமிழகத்தோடு இணைவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன்பு, ஒரு சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. கணவருக்கு வானிலை நிலையத்தில் வேலை. தினமும் ஒரு பலூனைப் பறக்க விட்டு, அது போகும் போக்கைத் தொலைநோக்கியால் தொடர்ந்து பார்த்து, மேலே காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று கணக்கிட வேண்டும்.

கோட்டாறில் அரிசி மண்டி வைத்திருந்த என் அப்பாவுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. "பலூன் விடதுக்கு சர்க்கார் சம்பளமா?" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே, மருமகனை ராஜினாமா செய்ய வைத்து, மறுநாள் காலை பஸ்ஸில் எங்களை மண்டிக்கு அழைத்துப்போகத்தான். அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் மூச்சுவிட மாட்டோம். ஆனால் வானத்தைப் பார்த்தபடி சாப்பாட்டையே மறக்கிற அந்த மனிதரை அரிசி மூட்டைகளுக்கு நடுவே நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

"மாமா, இன்னைக்கு மேல தெக்குக் காத்து. இலங்கைப் பக்கம் இருந்து பறவைங்க வடக்க போவும். நிலா வெளிச்சத்துல பாத்துட்டு பொறவு பேசுவோம்" என்றார் என் கணவர்.

"காத்து மேக்கேயிருந்துல்லா அடிக்கு!" என்றார் அப்பா, தோள் துண்டு பறக்கிற திசையைக் காட்டி. கீழே ஒரு காற்று, மேலே வேறொரு காற்று என்றும், மத்தியானம் விட்ட பலூன் கொஞ்ச உயரம் வரை கிழக்கே போய் அப்புறம் வடக்கே திரும்பியது என்றும் இவர் விளக்கினார். அப்பா காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

மேற்கே சூரியன் விழ, கிழக்கே கடலிலிருந்து நிலா எழுந்தது. மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு இவர் நிலையத்து மொட்டைமாடியில் இருந்த தொலைநோக்கியை நிலாவுக்குத் திருப்பினார். அப்பா கண்ணை வைத்தார். நிலா ஒரு பனை உயரம் ஏறியும் ஒன்றும் வரவில்லை.

"கறை கறையா இருக்கு. வேற ஒரு மண்ணும் இல்ல" என்று எழுந்துவிட்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "இன்னும் கொஞ்சம் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். நான் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. முறைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

"ஏட்டி மக்கா! ஒண்ணு குறுக்க போச்சு! அன்னா இன்னொண்ணு! கூட்டமால்லா போவுது!" திடீரென்று அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற நிலையத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மூக்கு நீளத்தப் பாத்தா மணக்குடிக் காயல்ல மேயுத உள்ளான் மாதிரில்லா இருக்கு! நான் இதக் குழம்புச் சட்டியிலதான் பாத்திருக்கேன் மாப்பிளே!"

அதற்குப் பிறகு அவரை அசைக்க முடியவில்லை. கட்டிக்கொண்டு போன புளிச்சோறு அப்படியே கிடந்தது. நானும் ஒரு தடவை பார்க்கிறேனே என்று கெஞ்சினால், "இரி மக்கா, இதொண்ணு போயிரட்டும்" என்பார். நிலா உச்சியை நோக்கி ஏறிய பிறகுதான் எழுந்தார். "மண்டிக்கு வேற ஆளு கிட்டும். நாளைக்கு மேல காத்து எப்படின்னு சொல்லுங்க மாப்பிளே, நான் இருந்து பாத்துட்டே போறேன்" என்றார்.

அன்று நான் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் என் வாழ்நாளில் கண்ட நல்ல காட்சி எது என்று யாராவது கேட்டால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி, என் கணவரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான் சொல்வேன்.