ரயில் கடைக்காரர் டீ குடிக்கப் போனார்

சேலத்தில் மாதா கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு பொம்மைக் கடை இருந்தது. பந்து, பம்பரம் எல்லாம் விற்றாலும் அதை ரயில் கடை என்றுதான் சொல்வார்கள். கடை நடுவில் ஒரு பெரிய மேசை. அதன்மேல் தகரத் தண்டவாளம் வளைந்து வளைந்து போகும். அட்டையில் செய்த ஒரு குகையும் சின்ன ஸ்டேஷனும் உண்டு. சாவி கொடுத்து விட்டால் பச்சை எஞ்சின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடும். டிசம்பர் பிறந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கிறவர்கள் அதைச் சுற்றி ரயில் விடுவார்கள். பெத்லகேமுக்கு ஏது ரயில் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எங்களுக்கு எடப்பாடிப் பக்கம் மானாவாரிக் காடு, மழை பெய்தால்தான் விளைச்சல். எழுபதுகளில் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்ததால் நான் சேலம் அம்மாபேட்டைக்கு விசைத்தறி ஓட்ட வந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பேச்சு அதைவிடக் குறைவு. தெரியாதவர் எதிரில் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். டீக்கடையில்கூட விரலைத்தான் காட்டுவேன். தறிக்கூடம் எனக்குத் தோதான இடம். அந்த இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது, எல்லோருக்கும் கைச்சாடைதான். நூல் அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரிபோல் காட்டுவோம். மேஸ்திரி வந்தால் மீசையைத் தொடுவோம்.

வேலை முடிந்ததும் ரயில் கடை வாசலில் போய் நிற்பேன். ஊரில் இருந்தவரை நான் ரயிலைப் பார்த்ததே இல்லை. அதனால் சின்ன ரயில் ஓடினாலும் எனக்குப் பெரிய விஷயம். கடைக்காரர் பருத்த மனிதர். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். பல நாள் என்னைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "உள்ள வாங்க தம்பி. வெளிய நின்னா வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

போனேன். அப்போது எஞ்சின் வளைவில் குப்புற விழுந்தது. "அந்த ஜாயிண்ட்ல சந்து இருக்குதுங்க. அதுல ஏறும்போது சத்தம் மாறுது" என்றேன். தறியில் சத்தம் மாறினால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு. அவர் தண்டவாளத்தை இறுக்கினார், ரயில் ஓடியது. அன்று முதல் ரயிலைப் பற்றி மட்டும் எனக்கு வாய் திறந்துகொண்டது. எனக்கே ஆச்சரியம். "என்ன வேணும், எப்ப வாங்குவீங்க" என்று அந்த மனிதர் என்னைக் கேட்டதே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். புதுச்சத்திரம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். போய் உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா கேட்டதற்கெல்லாம் என் பெரியப்பாவே பதில் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கிளம்பும்போது சமையலறையில் ஒரு பெண்குரல் கேட்டது: "மாப்பள பேசுவாருங்களா, இல்ல பெரியப்பனையே கூட அனுப்பி வெப்பாங்களா?" உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். பார்க்கப் போன பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பெண்ணின் தாய்மாமன் அன்று ஊரில் இல்லை. சொந்த லாரியில் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அவர் சரி என்று சொல்லாமல் எதுவும் நடக்காது. அவர் திரும்பி வந்ததும், யாரிடமும் சொல்லாமல் விசாரிக்கக் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

முதலில் தறிக்கூடத்துக்கு வந்திருக்கிறார். வாசலில் நின்று, "ஏனுங்க தம்பி, ஏனுங்க தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்துத் தறிக்காரரிடம் விரலைக் காட்டி, மீசையைத் தொட்டு, தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். தாய்மாமன் பிறந்ததிலிருந்து தறிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. பையனுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது, பெரியப்பன் சேர்ந்து மறைத்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார். டீக்கடையில் கேட்டால் அங்கேயும், "அவருங்களா? விரலத்தானுங்க காட்டுவாரு. ரயில் கடையில வேணா விசாரிங்க" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மாலை நான் கடையில் இருந்தபோது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, கடைக்காரரை வாசலோரம் கூட்டிப்போய் ஏதோ மெல்லக் கேட்டார். கடைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, இவருக்கு ரயிலைப் பத்தித் தெரியணுமாம். நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

அவர் கடையை யாரிடமும் விட்டுப் போனதில்லை. டீயைக்கூடக் கடைக்கே வரவழைப்பார். வந்தவர் எஞ்சினைக் கையில் எடுத்தார்.

"இதுக்கு பிரேக்கு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இந்தக் கம்பிய அமுத்தினா நிக்கும்."

அவர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு கேள்விமேல் கேள்வி.

"லோடு ஏத்தினா வளைவுல சாயுமா?"

"பின்னாடி பெட்டியில பாரம் கூடினா சாயுமுங்க. முன்பெட்டியில வெச்சுக்கணும்."

"அட, லாரிக்கும் அப்படித்தான் சாமி. ரிவர்ஸு?"

"கெடையாதுங்க. சாவியக் கடைசிவரைக்கும் முறுக்கக் கூடாது, ஒரு சுத்துப் பாக்கி உடணும். இல்லீனா ஸ்பிரிங் போயிருமுங்க."

அவர் உட்கார்ந்தே விட்டார். கடைக்காரர் திரும்பியபோது நாங்கள் இருவரும் தரையில் குந்தி, குகைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தவர் எதையும் வாங்காமல், "வாரேனுங்க" என்று சிரித்தபடி போனார். அந்த வாரமே சம்மதம் என்று தகவல் வந்தது. கல்யாணப் பந்தியில், பரிமாறிக்கொண்டே, "ஊமைன்னு நெனச்சா, இந்த மனுசன் என்னய வாயத் தொறக்க உடல" என்று தாய்மாமன் சொல்லித்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. கடைக்காரரிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்? டீ குடிக்கப் போனேன்" என்றார். "ஒண்ணு மட்டும் தெரியும். உங்க பொண்ணு வீட்டு வகையில எனக்கு ஒரு வியாபாரமும் ஆகல."

அதன்பின் கடைக்குக் காலம் சரியில்லாமல் போயிற்று. பஸ் ஸ்டாண்டில் பேட்டரி ரயில் வந்தது. பிளாஸ்டிக், தண்டவாளமே வேண்டாம், தரையில் சுற்றும். குடிலுக்கும் மின்னுகிற விளக்குச் சரமே போதும் என்றாகிவிட்டது. தகரத் தண்டவாளம் மெட்ராஸிலிருந்து வருவது நின்றது. ஒரு டிசம்பரில் நான் போனபோது கடையில் நானும் அவரும்தான். அந்த மாதத்தோடு கடையை ஒரு கேசட் கடைக்காரருக்கு விடுகிறேன் என்றார்.

வீட்டில் சொன்னேன். கடைசி நாள் மனைவி, குழந்தையோடு போனேன். அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் முகத்தைக் கண்டதும் நாக்கு பழையபடி மேலே ஒட்டிக்கொண்டது. நான் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தாய்மாமன் வந்து சேர்ந்தார். மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"அன்னைக்கு வாங்காமப் போயிட்டனுங்க. இன்னைக்கு அந்தப் பச்ச வண்டிய எடுத்துக்கறேன்" என்று கடைக்காரரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்பள, பிரேக்கு எது, லோடு எப்படின்னு எல்லாம் மறந்து போச்சு. முதல்ல இருந்து சொல்லுங்க."

கடைக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன் தம்பி" என்று இறங்கிப் போனார்.

எதிர்க்கடை வாசலில் போய் நின்றார். கையில் டம்ளர் இல்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஞ்சினைக் கையில் எடுத்து, சாவியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தெருவுக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.