வாசலில் போட்ட சீன எழுத்து

அக்காவுக்குச் சீன எழுத்து வந்துவிடக் கூடாது என்று ராசிபுரத்துப் பக்கம் சாமி கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மச்சான் பினாங்கில் ஒரு சீனருடைய மளிகைக் கடையில் வேலையாக இருந்தார். கடைக்குப் பின்னால் குடியிருக்க அறை தருவதாகவும், ஆனால் பெண்சாதியும் சீனத்தில் எழுதிய சரக்குச் சீட்டைப் படித்துச் சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் முதலாளி சொல்லிவிட்டாராம். கல்யாணமான மறுமாதமே கப்பலேறியவர், அக்கா கற்றுக்கொள்ளத் தபாலில் ஒரு கட்டு அட்டை அனுப்பினார். ஒவ்வொன்றிலும் மையில் ஒரு சீன எழுத்து. அதன் மேலேயே கலர் பென்சிலால் ஒரு படம். மூன்று முனை எழுத்தின்மேல் கொல்லிமலை. நான்கு கட்ட எழுத்தின்மேல் எங்கள் வயலும் வரப்பும். குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்டால் கிணறு. மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எனக்கே பார்த்ததும் புரிந்தது. அதனால்தான் பயம் வந்தது. அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலைவாரிவிட அக்காவை விட்டால் ஆளில்லை. அக்கா ஏறும் கப்பல் கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது, கவிழாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டுக்கும் சேர்த்தே கவலைப்பட்டேன்.

அக்கா காகிதம் தேடவில்லை. விடிந்ததும் வாசல் தெளித்து, கோலமாவில் தினம் ஒரு எழுத்து போட்டாள். பக்கத்து வீட்டு அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

“முனையெல்லாம் தொறந்து கெடக்குது. இப்படி உட்டா ஊட்டுல ஒண்ணும் தங்காது சாமி. வளைச்சு மூடு.”

“சீனக்காரங்க ஊட்டுல தங்குதுங்களே அத்தை,” என்றாள் அக்கா. மூடவில்லை.

மச்சான் அவளைக் கூட்டிப்போக லீவில் வருகிற நாளன்று காலையில் வாசல் நிறைய எல்லா எழுத்தையும் போட்டுவிட்டாள். நான் அட்டைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மத்தியானம் மச்சான் வந்து சேர்வதற்குள் மாடுகள் மிதித்து வாசல் அழிந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் என் பழைய சிலேட்டைக் கேட்டு வாங்கி அக்காவிடம் நீட்டினார். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒருமுறை குனிந்து என்னைப் பார்த்தாள். பிறகு எழுதினாள், முனைகளையெல்லாம் வளைத்து, சுழித்து, ஒன்றோடொன்று மூடி.

“ஏம்புள்ள, கெணத்தை எழுதச் சொன்னா முறுக்குப் புழிஞ்சு வெச்சிருக்கறே?”

“எனக்கு இவ்வளவுதானுங்க வருது.”

மச்சான் சிரித்தார். அட்டையைக் காட்டி மறுபடி எழுதச் சொன்னார். மறுபடியும் முறுக்குத்தான். அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

லீவு முடிந்து தனியாகவே புறப்பட்டார். அடுத்து அவர் வர மூன்று வருஷமாயிற்று.

அவர் போன அன்று அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டேன்.

“உடு அக்கா. எனக்குந்தான் பள்ளிக்கோடத்துல ஒண்ணும் ஏறலை.”

அக்கா என் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்கத் தொடங்கினாள். மச்சான் வந்த அன்று காலையில் வாசலில் தப்பில்லாமல் போட்டவளுக்கு மத்தியானத்துக்குள் எப்படி மறந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. பாவம், பயத்தில் மறந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு எல்லாமே பயத்தில்தான் மறக்கும்.