பாவாடை கட்டிய தோசைக்கல்

அல்சூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டை, வாடகை ஒப்பந்தம், மார்க் ஷீட் என்று ஊரார் காகிதமெல்லாம் என் கைவழியாகப் போகும். அது கவுண்டருக்கு மேலே நடக்கும் தொழில். கவுண்டருக்குக் கீழே இரும்பு கிடக்கும். துருப்பிடித்த தோசைக்கல், காது உடைந்த வாணலி, குழியெல்லாம் கரி அடைத்த பணியாரக் கல். இங்கே பழைய இரும்புக் கடையைக் குஜரிக் கடை என்பார்கள். அங்கே போய் எடைக்கு வாங்கி வந்து, தேய்த்து, எண்ணெய் காட்டிப் பழக்கி, வேண்டும் என்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. பாதி கைபேசியில் பார்த்தது, பாதி ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண்களிடம் வாயைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது, மீதி கெடுத்துக் கற்றது.

"சொறி புடிச்சவன் கையும் இரும்பு புடிச்சவன் கையும் சும்மா இருக்காது" என்பாள் என் மனைவி. எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது என்பது அவள் கட்சி.

அந்த இரும்பால் தனக்கும் ஒரு காரியம் ஆகவேண்டும் என்று அவள் கேட்டது ஒரு தடவைதான். எங்கள் தெருக்கோடியில் பெண்கள் தங்கும் பிஜி ஒன்று இருக்கிறது. சேலம், ஈரோடு, திருநெல்வேலி என்று பல ஊர்ப் பிள்ளைகள், எல்லாரும் ஐடி கம்பெனி வேலை. காலையில் பிரட்டும் ஜாமும் போட்டே அந்த விடுதி அவர்களை அலுக்கவைத்திருந்தது. ஒரு பெண் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது, "அங்கிள், இங்க வீட்டு தோசை மாதிரி எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "எங்க வீட்ல" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் திட்டு விழுந்தது. ஆனால் திட்டிக்கொண்டே அவள் உளுந்து நனைய வைத்ததைக் கவனித்தேன். தன் கையால் ஒரு தொழில் செய்யவேண்டும் என்று வெகுநாளாக அவளுக்கு இருந்தது. பாத்திரம்தான் சரியில்லை. வீட்டிலிருந்த நான்ஸ்டிக் தவா நாலு பேருக்கு வார்த்தாலே நடுவில் கருகி, ஓரத்தில் வெளுத்தது.

"உங்க வாயில ஆரம்பிச்சது. உங்க இரும்புலயே முடியட்டும். வரிசையா ஊத்தி எடுத்தாலும் சூடு எறங்காத கல்லா ஒண்ணு கொண்டாங்க. இல்லேன்னா அந்தப் புள்ளைங்ககிட்ட நீங்களே போய், பிரட்டே சாப்பிடுங்கம்மான்னு சொல்லிடுங்க" என்றாள்.

நான் வழக்கமாகப் போகும் குஜரிக் கடை பாய், பழைய மோட்டார் குவியலுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். நல்ல வார்ப்பிரும்பு. அகலம் ஒரு முழம் இருக்கும். ஒரு பக்கம் சுத்தமான தட்டை. மறுபக்கம் சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு, நடுவில் மொட்டையாக ஒரு கட்டை. மேலெல்லாம் கரி அப்பிக் கிடந்தது.

"பாய், இதென்ன சுத்தி வரப்பு கட்டினாப்புல?"

"அது பழைய காலத்து டிசைன்ணா. கேள்வி கேட்டா எடை கொறையுமா? லேலோ, எடுத்துட்டுப் போங்க."

ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினேன். டங்கென்று நீளமாகக் கேட்டது. விரிசல் விட்ட இரும்பு டொக்கென்று செத்த குரலில் பேசும். இது பேசின பேச்சில் எனக்குப் பிடித்துப்போயிற்று. வட்டமாய், தட்டையாய், கனமாய் எது கிடந்தாலும் நம் ஆட்களின் கண்ணுக்கு அது தோசைக்கல்தான். தட்டைப் பக்கம் மேலே, விளிம்பு கீழே என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"என்னங்க இது, பாவாடை கட்டின கல்லு?" என்றாள் மனைவி.

"காத்துல நெருப்பு அலையாம இருக்க அந்தக் காலத்துல பண்ணின ஏற்பாடு" என்று சொன்னேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்றால், சொன்ன பிறகு நானே நம்பிவிட்டேன்.

கல்லை விறகு நெருப்பில் போட்டுக் கரியை உதிர்த்தேன். இருந்த கொஞ்சம் துருவைப் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, மிச்சத்துக்கு உப்புத்தாள் போட்டேன். கரி அப்பியிருந்ததே நல்லதாகப் போயிற்று. துரு உள்ளே இறங்காமல் அடியில் இரும்பு வழவழவென்று இருந்தது. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, மெல்லிசாக நல்லெண்ணெய் பூசி, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கிக் கரண்டிக் காம்பில் குத்தி அதனால் தேய்த்துத் தேய்த்துச் சூடு காட்டினேன். பிறகு ஆறவிடவேண்டும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது இந்த இடத்துக்குத்தான் பொருந்தும். அரைகுறைச் சூட்டில் மறுபடி எண்ணெய் போட்டால் பிசுபிசுவென்று கோந்துபோல் நின்றுவிடும்.

கல் அவளுக்கு வசப்பட்டது. கேஸ் அடுப்பில் வைத்தால் பாவாடை நெருப்பைச் சுற்றி இறங்கி, சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறம். காலையில் பிஜி பிள்ளைகள் டப்பாவோடு எங்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். வெங்காய ரவா தோசை என்றால் ஆபீஸ் கேப் கிளம்பினாலும் அசையமாட்டார்கள். கல்லானாலும் கணவன் என்பார்களே, எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் கல்லுக்குத்தான் கணவனைவிட மரியாதை.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு டீச்சர் என் கடைக்கு வருவார். ஓய்வு பெற்று ரொம்ப காலமாகிறது. சர்ச் பாட்டுத் தாள்களை என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுப்பார். நவம்பரில் ஒரு நாள் கடை பூட்டியிருக்கவே, பின்பக்கம் வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி அப்போதுதான் ஆறின கல்லைத் திருப்பிப் போட்டு அடிப்புறத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் பாட்டுத் தாளை மறந்துவிட்டார்.

"தம்பி, இது உனக்கு எங்க கெடச்சுது?"

"குஜரியில டீச்சர். பழைய காலத்து தோசைக்கல்."

"தோசைக்கல்லா! எந்த மகராசன் சொன்னான்?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"இது கேக் சட்டி மூடிப்பா. இந்த விளிம்புக்குள்ளதான் தணலைக் கொட்டுவோம். கீழயும் நெருப்பு, மேலயும் நெருப்பு, நடுவுல கேக்கு. இதோ நிக்குதே கட்டை, இது பிடி ஒடஞ்ச எடம்."

"காத்துக்கு நெருப்பு அலையாம இருக்க ஏற்பாடு" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டு, மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "இத்தனை மாசமா மூடி மேலயா தோசை சுட்டேன்!"

டீச்சரும் சிரித்தார். ஆனால் கை மூடியை விட்டு அகலவில்லை. அவர் வீட்டிலும் அப்படி ஒரு சட்டி இருக்கிறதாம். மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. அலுமினியத் தட்டில் தணலை வைத்தால் தட்டு நெளிந்துவிடும், அதனால் பயந்து பயந்து கொஞ்சமாகத்தான் வைப்பாராம். கேக் அடியில் சிவக்கும், மேலே வெளுத்துக் கிடக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் அவருடைய அக்கா எலெக்ட்ரிக் ஓவன்காரி. "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், உன் கேக்குக்கு தலைக்கு டை அடிக்க மறந்துட்டியாடின்னு கேக்கறா" என்றார்.

கொடு என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் சட்டியின் வாயில் வைத்து அழுத்தி வெட்டிய நியூஸ்பேப்பர் வட்டம் ஒன்றோடு வந்தார். "சும்மா பாக்கலாம்னு" என்றார். வைத்துப் பார்த்தோம். மூடி சுற்றிலும் அரை விரல் கூடுதல். பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை பிஜிக்குத் தோசை கிடையாது. மனைவி அவளாகவே, "எடுத்துட்டுப் போய் ஒரு தரம் சுட்டுப் பாருங்க டீச்சரம்மா" என்றாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கொடுத்து வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஆச்சு என்று நான் கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் மூடி திரும்பி வந்தது, ஒரு துண்டு கேக்கோடு. மேல்புறம் என்ன அழகான சிவப்பு! கடித்தேன். வெங்காயம், நல்லெண்ணெய், பின்னாலேயே பெருங்காயம்.

"கண்ணை மூடிட்டு சாப்பிட்டா ரவா தோசை" என்றார் டீச்சர். கேக்கின் ஆவி மூடியில் பட்டு, அங்கே பழகியிருந்த எண்ணெயைத் தொட்டுக்கொண்டு சொட்டியிருக்கிறது. ஒரே இரும்பில் இரண்டும் நடக்காது. கேக் வேண்டுமென்றால் அந்த எண்ணெய்த் தோலை முழுக்க எரித்து எடுக்கவேண்டும். எரித்துவிட்டால் தோசை கிடையாது.

"விடு கண்ணு. தோசை தெனம். கேக்கு வருஷத்துக்கு ஒரு தரம். நான் தட்டு வெச்சே சுட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மனைவி, "வேற கல்லு தேடுங்க" என்றாள்.

"அவங்கதான் வேணாம்னுட்டாங்களே."

"வாய்தான் வேணாம்னுச்சு. மூஞ்சியைப் பாக்கலியா நீங்க? மாவு ஊத்தும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவோட வெள்ளைத் தலை கேக்கு ஞாபகம் வருது."

பாயிடம் போனேன். மூடிப்போன ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்த கல் இருந்தது. "பாய், இந்தத் தடவை நிஜமாவே தோசைக்கல்தானே?"

"அண்ணா, நான் இரும்பு விக்கிறேன். அது இன்னதுன்னு நீங்கதான் சொல்லிக்கிட்டுப் போறீங்க."

தோசைக்கல்தான், சந்தேகமில்லை. ஆனால் மழையில் கிடந்து துரு உள்ளே இறங்கி, அம்மை வார்த்த முகம்போல் குழி குழியாக இருந்தது. உப்புத்தாள் தீரத் தீரத் தேய்த்தேன். குழி ஆழம் குறைந்ததே தவிர மறையவில்லை. எண்ணெய் ஏறி ஏறி அந்தக் குழிகள் தூரவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். மனைவி ஒரு அடுப்பில் மூடியை வைத்துப் பிள்ளைகளுக்கு வார்த்தாள், இன்னொரு அடுப்பில் புதுக் கல்லைப் பழக்கினாள். பழகாத கல்லில் வார்த்த தோசை சுரண்டச் சுரண்டக் கொத்துபரோட்டாவாக வந்தது. அத்தனையும் நான் தின்றேன்.

ஒரு நாள் நாக்கு சும்மா இல்லாமல், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நீங்க ஆடுங்க" என்று கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் வார்த்ததைக் கல்லிலிருந்து எடுக்க மறுபடி உப்புத்தாள் வேண்டியிருந்தது.

டிசம்பர் வந்துவிட்டது. கல் பழகவில்லை. மனைவி மூடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள்.

காக்ஸ் டவுன் வீட்டில் டீச்சர் வாங்க மறுத்தார். "உன் பொழப்பும்மா இது."

"எனக்கு வேற கல்லு இருக்கு டீச்சரம்மா. உங்களுக்கு வேற மூடி இருக்கா? பிடிங்க, கை வலிக்குது."

கொல்லையில் கரி மூட்டி, மூடியைத் தணலில் போட்டார் டீச்சர். கறுப்புத் தோல் புகைந்து, கடைசியாக ஒரு தரம் வெங்காய வாசனை எழுந்தது. மனைவி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. டீச்சர் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியை ரொம்ப நேரம் பார்த்தாள். மூடி சாம்பல் நிறத்துக்கு வந்தது, நான் உப்புத்தாளை முடித்த அன்று இருந்த மாதிரி.

திரும்பும்போது ஆட்டோவில் வெறும் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அல்சூர் ஏரி வந்ததும் சொன்னாள்: "நாளைக்கு இட்லி. நாளான்னிக்கு உப்புமா. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

பிள்ளைகள் இட்லியைப் பொறுத்தார்கள். உப்புமாவுக்கு முகம் சுளித்தார்கள். "ஆன்ட்டி, இதுக்கு அந்த பிரட்டே பரவால்ல" என்று ஒருத்தி விளையாட்டாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவளும் அவள் அறைத் தோழிகளும் வரவில்லை. மனைவி மாவுக்கு ஊறப்போடும் அளவைக் குறைத்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று எவர்சில்வர் டப்பா நிறையக் கேக் வந்தது. மனைவி முதலில் முகர்ந்து பார்த்தாள், பிறகுதான் கடித்தாள். "வெங்காயம் இல்ல" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம்போல் இருந்தது குரல். ரிச்சர்ட்ஸ் டவுன் அக்கா மேல்புறத்தைப் பார்த்துவிட்டு, "எந்த பேக்கரிடி?" என்று கேட்டாராம். அதைச் சொல்வதற்கே டீச்சர் எனக்கு இரண்டு முறை போன் செய்தார்.

இன்னொரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை. டப்பா ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தது. "உப்புமாவை வெச்சா அனுப்பறது?" என்றாள் மனைவி. புது வருஷம் போயிற்று. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்து அனுப்பலாமே என்றேன். "கேக்குக்குப் பதில் தோசைதான் போகணும்" என்றாள். காலையும் மாலையும் அந்தக் கல்லுக்கு எண்ணெய் காட்டிக்கொண்டே இருந்தாள்.

டீச்சர் கடைக்கு வந்தபோது, "என் டப்பா எங்கப்பா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லார மனெ தோசேனூ தூத்தேன்னு கன்னடத்துல சொல்லுவாங்க. எந்த வீட்டு தோசையில ஓட்டை இல்ல? பரவால்ல, வந்ததைக் குடுக்கச் சொல்லு."

வீட்டில் போய் அப்படியே சொன்னேன். "ஓட்டை வேற, கிழிசல் வேற. கிழிஞ்சதை நான் அனுப்பமாட்டேன்" என்றாள்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை. நான் வழக்கமான கொத்துக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். கல்லின் மேல் தோசையின் ஓரம் தானாகக் கிளம்பி நின்றது. கரண்டியைச் சும்மா அடியில் நுழைத்தாள். முழுசாக வந்தது. நான் தட்டை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து டப்பாவை எடுத்தாள். அடுத்ததும் டப்பாவுக்கு. அதற்கடுத்ததும்.

காக்ஸ் டவுனுக்கு வண்டியில் போனேன். டீச்சர் கேட்டிலேயே டப்பாவைத் திறந்து, ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "கேக்கு வாசனையே வரலியே தம்பி" என்றார்.

இதை மனைவியிடம் சொல்ல வேகமாக வந்தேன். வாசலில் இரண்டு பிள்ளைகள் டப்பாவோடு நின்றார்கள். ஒருத்தி, பிரட்டே பரவாயில்லை என்றவள். உள்ளே கல்லில் சொய்யென்று சத்தம்.

"டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"அப்புறம் கேக்கறேன். மொதல்ல தேங்காயைத் துருவுங்க, சட்னி பத்தல."