நகரிக்கு அப்பால் இரண்டு கற்கள்

திருத்தணி இன்னும் ஆந்திராவில் இருந்த காலம். எல்லையை எங்கே போடுவது என்று பேப்பரில் தினமும் ஏதாவது ஒரு செய்தி வரும். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். நானும் மனைவியும் நண்பன் ஒருவனின் பழைய காரில் மதராசிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பினோம். அவளுக்கு அப்போது மூன்று மாதம். மலைக்குப் போய் வந்த பிறகு எல்லோருக்கும் சொல்லலாம் என்று இருந்தோம்.

நண்பன் கார் ஓட்டியதைவிட நிறுத்தியதுதான் அதிகம். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, வழியில் விசித்திரமாக எது தென்பட்டாலும் இறங்கிவிடுவான். சைக்கிள் சக்கரம் ஒன்றைப் பாதி விழுங்கிக்கொண்டு நின்ற புளியமரம், ஒரு படம். மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை, இன்னொரு படம். ஒரு டீக்கடையில் பெயர்ப்பலகையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. ஏன் என்று கேட்டதற்குக் கடைக்காரர், "பேப்பர் பாத்துட்டு திருப்பி மாட்டுவேன் சார். ரெண்டு நாளா தெலுங்கு ஓடிக்கினு கீது" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், நகரியைத் தாண்டி சாலையோரத்தில் மார்பளவு உயரத்தில் இரண்டு கற்களைப் பார்த்தோம். புதிதாகக் கொத்திய கல். அடியில் மண்கூட காயவில்லை. அதற்குள் எல்லைக்கல் நட்டுவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் நின்று கல்லுக்கொரு முழங்கையை ஊன்றி, "இந்தக் கை மதராஸ், அந்தக் கை ஆந்திரா" என்றேன். நண்பன் படம் எடுத்தான். மனைவி காரிலேயே இருந்தாள்.

அப்போது வயல் பக்கத்து மரத்தடியிலிருந்து நாலு பேர் கடப்பாரையும் கயிறுமாக எழுந்து வந்தார்கள். கூழ் குடித்துவிட்டு வந்த கை இன்னும் ஈரமாக இருந்தது. சர்வே ஆட்கள் என்று நினைத்து, "எல்லையை இங்கதான் போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

முன்னால் வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். சவரம் செய்யாத முகம். "எல்லைக்கல்லு இல்லீங்க. சுமைதாங்கி. எம் பொஞ்சாதிக்கு நட்டுக்கினு கீறோம். எட்டு மாசம். வயித்துப் புள்ளையோட பூட்டா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிள்ளையோடு இறந்த பெண் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே இருப்பாள், வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்க அவள் பேரில் கல் நட்டால் அவளுக்கும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்திலும் உள்ள நம்பிக்கைதான். சின்ன வயதில் எத்தனையோ சுமைதாங்கிகளைப் பார்த்தவன் நான். இரண்டின் மேலும் வைக்கவேண்டிய குறுக்குக் கல் புல்லில் கிடந்ததைக்கூடப் பார்க்காமல் போஸ் கொடுத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நானும் நண்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தக் குறுக்குக் கல்லை மேலே ஏற்ற உதவினோம்.

கிளம்பப் போனபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மொதோ சுமை வெளியூர் ஆளு எறக்கணும் சார். இன்னிக்கு பதினாறாம் நாளு. பொழுது சாயறதுக்குள்ள ஆவணும். காத்தாலருந்து ரோட்டப் பாத்துக்கினு கீறேன், எல்லாரும் பஸ்ல போய்க்கினே கீறாங்க. தலைச்சுமையோட ஒருத்தரும் வரல."

காரில் மூன்று மாதக்காரி இருக்கிறாள். பிள்ளையோடு செத்தவளின் கல்லில் என் பெட்டியை வைப்பதா? "நேரமாச்சுங்க, மலை ஏறணும்" என்று மழுப்பினேன். அவர் வற்புறுத்தவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

கார்க் கதவு திறந்தது. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "பெட்டியை நீங்க தூக்கறீங்களா, நான் தூக்கட்டுமா?" என்றாள்.

டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சாலை வளைவு வரை போய், அங்கிருந்து நடந்து வந்தேன். நூறடிதான் இருக்கும். தலையில் சுமந்து பழக்கமே இல்லாத எனக்குக் கழுத்து ஒடிந்துவிடும்போல இருந்தது. நண்பன் கேமராவைத் தொடவே இல்லை. கல்லில் பெட்டியை இறக்கியதும் மூச்சு வாங்க நின்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எறக்கினதும் லேசா கீதா சார்?"

"ரொம்ப லேசா இருக்குங்க" என்றேன்.

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

அவர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதார். நாங்கள் எல்லோரும் அவர் அழுது முடிக்கும்வரை நின்றோம்.

எங்களுக்குச் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அந்தச் செய்தியை அவரிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது, ஆனால் பேர்கூடக் கேட்டுவைக்கவில்லை. பிறகு எல்லையும் ஒரு வழியாக முடிவானது. அது எந்த இடத்தில் ஓடுகிறது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு கற்களுக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு நான் நிற்கும் படம் மட்டும் ஆல்பத்தில் இருக்கிறது. கிழித்துப் போட மனைவி விடமாட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு அவள் மட்டும் கார்க் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் எவ்வளவு நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.