சவரிமுத்து வழக்கில் மேன்முறையீடு

வெள்ளவத்தையில் எங்கள் மன்றம் மாதம் ஒருமுறை கூடும். கதையில் வரும் ஒருவரையோ, பழைய மேடைப்பேச்சு ஒன்றைப் பேசியவரையோ கூண்டில் ஏற்றி வழக்காடுவோம். தோற்ற பக்கம் அடுத்த கூட்டத்தில் மேன்முறையீடு கேட்கலாம். நடுவர் நான். கைதட்டலுக்காகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொச்சிக்கடை றேமண்ட் அந்த ரகமில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் கிளார்க், ஐம்பதைத் தொட்டவர். ஒருவர் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் வைத்தே ஆளின் குணத்தைப் பிடித்துவிடுவார்.

போன மாதம், துறைமுக வேலைநிறுத்தம் ஒன்றைப் பாதியில் முடித்த சவரிமுத்து என்ற சங்கத் தலைவரின் பேச்சை எடுத்தோம். துறைமுகம் தெரிந்த ஆள் என்று, சவரிமுத்துவுக்கு எதிராக வாதாடும்படி றேமண்டிடம் சொன்னோம். சவரிமுத்து அவருடைய தகப்பன். கொச்சிக்கடையில் ஊருக்கே தெரிந்த சங்கதி, எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. அந்தப் பக்கத்து ஆட்களோடு நாங்கள் கதைத்துப் பழகியிருந்தால்தானே! றேமண்டும் வாய் திறக்கவில்லை. 'காட்டிக்கொடுத்தவன்ட மகன்' என்று கேட்டே வளர்ந்தவர். தகப்பனைத் தன் வாயாலேயே குற்றவாளி என்று நிறுவிவிட்டால் அந்தப் பெயர் தன்னை விட்டுப் போகும் என்று நம்பியிருக்கிறார்.

மேடையில் அந்தப் பேச்சை வாசித்தார். "காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை எங்கட வெற்றிக்காகக் காத்திருக்காது. நாளைக்கு வேலைக்குப் போங்கோ."

பிறகு கேட்டார்: "யாருடைய பிள்ளை? 'நான் முடிவெடுத்தேன்' என்று ஓரிடத்திலாவது இருக்கிறதா? ஊரார் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட கோழை இவர்."

எனக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. குற்றவாளி என்றேன். மண்டபமே கைதட்டியது. அவரோடு வந்திருந்த தாய் மேபல் மட்டும் கையை மடியில் வைத்தபடி இருந்தார். வயதான மனுசி, களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

பிறகு வெளியே, காலிக்குப் போகும் வீதியில் பஸ்சுக்கு நிற்கும்போதுதான் மேபல் மகனிடம் சொன்னாராம். "அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை நீதான் மகன். மருந்துக்கு வழியில்லாமக் கிடந்தாய். 'என்ட பிள்ளை எண்டு சொன்னா ஆக்கள் எனக்காகப் பாவம் பார்த்து வேலைக்குப் போவாங்க, அது வேணாம்' எண்டார் அப்பா. பழியைத் தானே சுமந்தார்."

"எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?"

"உன்னாலதான் எண்டு நீ நினைக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."

இது எதுவும் தெரியாமல்தான் மறுநாள் காலை றேமண்டின் டெலிபோன் கோலை எடுத்தேன். மேன்முறையீடு வேணும் என்றார்.

"வென்ற ஆள் எப்படித் தம்பி அப்பீல் கேக்கிறது?" எனக்குச் சிரிப்பு வந்தது.

"கூண்டில நிண்டவற்ற மகன் கேக்கலாமோ சேர்?"

"கேக்கலாம். அவருக்கு மகன் இருக்கிறாரோ?"

"ஓம் சேர்," என்றார். "நேற்று அவரைக் கோழை எண்டு சொன்னவன்தான்."