மலையை மறைத்த பச்சைக் கதவு

புதுப் பச்சை வர்ணத்தின் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். தென்காசிக் கடைத்தெருவில் யாரேனும் ஒருவர் தம் கடைக் கதவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருப்பார். அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்க்க, நான் மட்டும் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதன் வர்ண டப்பாவைக் கண்டு விலகுவதன் காரணத்தை இதுவரை எவரிடமும் நான் விளக்கியதில்லை. இப்போது விளக்கியாக வேண்டிய நிலை வந்திருக்கிறது.

பளியர் குடியில் பிறந்தவன் நான். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர், அருவி என்று இன்னும் பெயர் வாங்காமல் பாறைகளுக்கிடையே சும்மா நடந்துகொண்டிருக்கிற மேல்மலையில் எங்கள் குடிசைகள் இருந்தன. ஈத்தை என்கிற சிறுமூங்கில் குச்சிகளை நட்டு மலைப்புல் வேய்ந்த அந்தக் குடிசைகளுக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. காற்று வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக் குடிசை போடுவது எங்கள் வழக்கமாதலால், அடைப்பதற்கென்று ஒரு பொருள் வேண்டியிருக்கவும் இல்லை. புல்லாலான சுவர் கண்ணை மறைக்குமேயன்றிக் காதை மறைக்காது. ஒரு குடிசையில் ஒருவர் இருமினால் பக்கத்துக் குடிசையிலிருந்து ‘ம்’ என்று ஒரு குரல் வரும். கேட்டது என்பதற்கும், இருக்கிறேன் என்பதற்கும் அந்த ஒரு ‘ம்’ போதும். இருமல் கொஞ்சம் மூச்சு முட்டினாற்போல இருந்தால் ‘ம்’ வராது, ஆளே எழுந்து வந்துவிடுவார்.

எங்கள் குடியின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் அதைச் சுற்றியே நடந்தது. கோபமோ மனக்குறையோ வந்தால் எங்களவர்கள் சண்டை போடுவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியே போய் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தவரை நெருங்குவதும், காரணம் கேட்பதும், வற்புறுத்தி அழைப்பதும் பெரும் மரியாதைக் குறைவு. “மொகம் திரும்புனவன இழுக்கக் கூடாது, அது தானாத் திரும்பும்” என்பது பெரியவர்கள் வாக்கு. அந்த வாக்கினால் எங்கள் குடியில் அடிதடி என்ற ஒன்றை நான் கண்டதேயில்லை.

என் அம்மாவின் தம்பி சடையன் மாமா, நாவல் மரத்தடியில் கல்லாக நின்ற வனப்பேச்சிக்குச் சாமியாடுகிறவர். மனைவி தலைப்பிரசவத்தில் போனபின் தனிக்கட்டையாகவே இருந்தார். அவருக்கு ‘இழுப்பு’ உண்டு. சாரல் தொடங்கிவிட்டால் நெஞ்சுக்குள் ஒரு குயில் வந்து அடைந்துகொண்டதுபோல ஓயாமல் கூவும். அம்மா எழுந்துபோய்ச் சூடான தவிட்டு முடிப்பால் அவர் மார்பில் ஒற்றுவாள். அவர் நிமிர்ந்து உட்கார முதுகுக்குப் பின்னால் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அந்த நிலையிலும் மாமாவின் வாய் சும்மா இருக்காது. “பேச்சி எம்மேல ஏறும்போது மூச்ச வாங்கிட்டுப் போறா, எறங்கும்போது திருப்பித் தர மறந்துருதாக்கா” என்பார். பேச்சிக்கு ஒரு கூரை போட்டால் என்ன என்று கீழேயிருந்து வந்த ஒருவர் கேட்டதற்கு, “நனையட்டும். அவ நனைஞ்சாத்தான நாம நனையுதது அவளுக்குத் தெரியும்” என்று சொன்னவரும் அவரே.

நான் சிறு பையனாக இருந்தபோது, சர்க்காரார் எங்களை மலையிலிருந்து இறக்கினார்கள். பண்பொழிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய வரிசையாகத் தொகுப்பு வீடுகள் கட்டப்பட்டிருந்தன. செங்கல் சுவர், சிமென்ட் தகட்டுக் கூரை, முகப்பில் பச்சை வர்ணம் காயாத கதவு. மேஸ்திரி எங்கள் வீட்டுக் கதவை இழுத்துச் சாத்திக் காட்டினார். கண்ணெதிரே நின்ற மலை, ஒரே இழுப்பில் இல்லாமல் போயிற்று. நான் அலறிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திறந்தார். மலை திரும்ப வந்தது. அதன்பிறகு அந்த அதிர்ச்சியே எனக்கு விளையாட்டாகிவிட்டது. சாத்துவேன், மலை போகும். திறப்பேன், மலை வரும். அம்மா மட்டும் அந்தக் கதவோடு பழகவில்லை. வீட்டுக்குள் போகாமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்து கிழங்கு உரித்தாள்.

வரிசையின் கோடியில், மேற்குப் பார்த்த வீடு சடையன் மாமாவுக்குக் கிடைத்தது. அந்தக் கதவைத் திறந்தால் நீளமாக ஒரு சத்தம் எழும்பும். மாமா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஏலே மருமவனே, இதுக்கும் என்னைய மாதிரி இழுப்புலே” என்றார். மேஸ்திரி கீலுக்கு எண்ணெய் விட்டதும் சத்தம் அடங்கியது. “அட, ரெண்டு சொட்டுல சரியாப் போச்சே. எனக்கும் விடும்யா மேஸ்திரி” என்று மாமா வாயைத் திறந்து காட்டினார். எல்லோரும் சிரித்தோம். 

மேஸ்திரி சிரித்தபடியே தாழ்ப்பாளைக் காட்டி, “இதப் போட்டாத்தான் வீடு. இல்லேன்னா ஆடு வந்து படுத்துக்கிடும்” என்றார்.

“படுக்கட்டுமே, அதுவும் நனையத்தான செய்யுது.”

“ஒமக்கெல்லாம் வீடு கட்டிக் குடுத்தாம் பாரும்,” என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

ஆனால் அந்தத் தாழ்ப்பாளை மாமா போட வேண்டி வந்தது. ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எத்தகையது என்பதை இப்பகுதியினர் அறிவார்கள். காற்றுக்கு முதுகு காட்டிக் குடிசை போட்டவர்களுக்கு, காற்றுக்கு முகம் காட்டிய வீட்டைக் கொடுத்திருந்தார்கள். தாழிடாத கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டது. மழை உள்ளே வந்து அடுப்பை அணைத்தது. வேறு வழியின்றி மாமா தாழிட்டார். நாங்களும் தாழிட்டோம். பெருமழை வந்து தகட்டுக் கூரையில் இறங்கியபோது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேளாத பேரிரைச்சலுக்குள் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அடைபட்டுக் கிடந்தது. இருமலும் இல்லை, ‘ம்’மும் இல்லை.

மறுநாள் காலை மழையினூடே அம்மா, அவித்த வள்ளிக்கிழங்கை இலையில் பொதிந்துகொண்டு மாமா வீட்டுக்குப் போனாள். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கதவு சாத்தியிருந்தது. “சடையா” என்று ஒருமுறை அழைத்தாள். பதில் இல்லை. அம்மா அந்தப் பச்சைப் பலகையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து என்னிடம், “மொகத்தத் திருப்பிக்கிட்டான். மலைய விட்டு எறங்குனது அவனுக்குப் பொறுக்கல. வாலே, போவோம்” என்றாள். பொதியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினோம். பிற்பகலில் என் அப்பா போனார், சாத்திய கதவைக் கண்டார், திரும்பிவிட்டார். இன்னும் சிலரும் அப்படியே போய் அப்படியே வந்தார்கள். வாசகர்கள் இதை அலட்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. திரும்பிய முகத்துக்கு எங்கள் குடி கொடுக்கிற மரியாதையை, சாத்திய கதவுக்கும் கொடுத்தோம். எங்களுக்கு முகம் தெரியும்; கதவு தெரியாது.

அதற்கு மறுநாள் மழை வெறித்தபின், செங்கோட்டையிலிருந்து சைக்கிளில் உப்பும் கருவாடும் கொண்டுவருகிற மைதீன் அண்ணாச்சி வந்தார். எங்களிடம் குங்கிலியம் வாங்குகிறவரும் அவரே.

“சடையன எங்க? குங்கிலியம் எடுத்து வைக்கேன்னான்” என்றார்.

“மொகத்த அடைச்சுக்கிட்டு இருக்கான் அண்ணாச்சி. நாங்க கூப்பிடக் கூடாது,” என்றாள் அம்மா.

“மொகத்தையா? கதவையில்லா அடைச்சிருக்கான். தட்டிப் பாத்தியளா?”

“தட்டவா? எதுக்கு?”

மைதீன் அண்ணாச்சி அம்மாவை ஒருகணம் பார்த்தார். அவர் பார்வை கீழே, வாசலில் எறும்பு மொய்த்துக் கிடந்த கிழங்குப் பொதியின் மேல் விழுந்தது. அவர் முகம் மாறியது. கதவைத் தட்டினார். மனிதக் கை பலகையைத் தட்டும் ஒலியை என் வாழ்நாளில் முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். மூன்றாவது தட்டலுக்குள் அவர் தோளால் இடிக்கத் தொடங்கியிருந்தார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். தாழ்ப்பாள் பெயர்ந்த பிறகும் கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து ஏதோ ஒரு பாரம் அதைத் தாங்கி நின்றது.

அந்தப் பாரம் சடையன் மாமா. கதவில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். ஈரம் காயாத மரத்தில் செய்த கதவு, மழை குடித்து உப்பியிருந்தது. பெயர்ந்து தொங்கிய தாழ்ப்பாள் பாதிவரை இழுபட்டு, அதற்குமேல் வராமல் இறுகியிருந்தது. மாமாவின் விரல் நகங்களுக்குள்ளெல்லாம் பச்சை வர்ணம்.

அம்மா அழவில்லை. கதவை ஒட்டி உள்ளே ஒருமுறை நின்றாள். வெளியே வந்து, முதல்நாள் தான் நின்ற இடத்தில் ஒருமுறை நின்றாள். “நான் நின்ன எடத்துக்கும் அவன் கெடந்த எடத்துக்கும் ஒரு பலகதான அண்ணாச்சி தூரம்” என்றாள். மைதீன் அண்ணாச்சி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல்நாள் நாங்கள் வந்து அழைத்தபோது மாமா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் அம்மாவை அவள் சாகும்வரை தின்றது.

மாமாவை மேலே கொண்டுபோய், நாவல் மரத்துக்குச் சற்று எட்டத்தில் புதைத்துக் கல் வைத்தோம். அடுத்து எழுந்தது பெரிய கேள்வி. இறப்பு நேர்ந்த இடத்தில் எங்கள் குடி தங்காது. குடிசையை அப்படியே விட்டுவிட்டு வேறிடம் பெயர்ந்துவிடும். ஆனால் மலையில் மறுபடி குடிசை போடக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. தொகுப்பு வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒன்றில் நேர்ந்த சாவு எல்லாவற்றிலும் நேர்ந்த சாவு. அனைவரும் வெளியே, ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தோம். எவரும் உள்ளே போகவில்லை. கடைசியில் அம்மாதான் வாய் திறந்தாள்.

“வீடு அவன எடுக்கல. பலகதான் எடுத்துச்சு. செத்தவனோடத செத்தவன்கிட்ட விடுவோம்.”

தேன் எடுக்கிற கத்தியாலும் கருங்கல்லாலும் கீல்களைப் பெயர்த்தார்கள். முதலில் மாமா வீட்டுக் கதவு. பிறகு ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக் கதவு. மலையைப் போகவும் வரவும் செய்த எங்கள் கதவின் ஒரு மூலையை நானும் பிடித்துக்கொண்டேன். வர்ணம் உள்ளங்கையில் ஒட்டிவிடுமோ என்று நான் அன்று பயந்த பயத்தை எழுத்தில் வைக்க இயலாது. மேலே, மாமாவின் கல்லைச் சுற்றி நின்ற மரங்களில் அந்தக் கதவுகளைச் சாத்திவைத்து, திரும்பிப் பாராமல் இறங்கினோம். கதவு போன வாசல்களில் அதன்பின் ஈத்தைத் தட்டிகள் தொங்கின. அவற்றினூடே இருமல் கேட்டது, ‘ம்’மும் கேட்டது.

சில நாட்கள் கழித்து வந்த மேஸ்திரி, வரிசையாகக் கதவில்லாமல் கிடந்த வாசல்களைக் கண்டு கத்தினார்: “ஏ கூறுகெட்டவங்களா, கதவையெல்லாம் எங்க? வித்துத் தின்னுட்டியளா?”

“மேல கெடக்கு. சடையன் வச்சிருக்கான்,” என்றாள் அம்மா.

அவர் மேலேறிப் போய்ப் பார்த்தார். சுவரில்லாத காட்டில் பச்சைக் கதவுகள் மரங்களில் சாய்ந்து நிற்பதைக் கண்டவர் இறங்கி வந்து, வந்த வழியே போய்விட்டார்.

மைதீன் அண்ணாச்சி கருவாடு பொதிந்து வந்த பத்திரிகைத் தாள்களில் எழுத்துக்கூட்டிப் படித்தே இந்த எழுத்து நடையை நான் கற்றேன். பிறகு ஊர் ஊராக மரம் சுமந்தேன். இப்போது குத்துக்கல்வலசையில், போலீஸ் வேலையிலிருக்கிற என் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறேன். இரும்புக் கதவு, சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு. என் எதிர்வீட்டில் ஓர் ஆச்சி தனியே வசித்தார். பிள்ளைகள் வளைகுடா நாட்டில். சென்ற சாரலில் அந்த வீட்டுப் பூட்டை ஆள்வைத்து உடைத்தார்கள். உள்ளே ஆச்சி இறந்து கிடந்தார். தெருவே கூடி நின்றது. ஆச்சியின் பக்கத்து வீட்டுக்காரர், படித்தவர், நல்லவர், என்னிடம் வந்து கலங்கிய கண்களோடு சொன்னார்: “ரெண்டு மட்டம் வந்து பாத்தேன் அண்ணாச்சி. கதவு சாத்திருந்துச்சு. எதுக்குத் தொந்தரவுன்னு போயிட்டேன்.”

கதவை அறியாத என் அம்மா சொன்னதையே, கதவுக்குள் பிறந்து வளர்ந்த ஒருவர் சொல்லுகிறார்.

அன்றே என் அறையின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். “கள்ளன் வருவான்ப்பா” என்று மகன் வருத்தப்பட்டான். வரட்டும், வருகிறவன் ஒரு மனிதன்தானே என்றேன். மலையில் சாத்திவைத்த கதவுகளைக் கறையான் என்றோ தின்று தீர்த்திருக்கும். தொகுப்பு வீடுகளில் ஈத்தைத் தட்டிகள் போய் மறுபடி கதவுகள் வந்துவிட்டன. எனக்கும் இந்த வயதில் மாமாவின் இழுப்பு வந்திருக்கிறது. விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து இருமுகிறேன். இருமி முடித்து, சிமென்ட் சுவர்ப் பக்கம் காதைத் திருப்பிக் காத்திருக்கிறேன். தெருவில் மோட்டார்கள் தண்ணீர் ஏற்றுகிற சத்தம் கேட்கிறது. ‘ம்’ வரவில்லை.